ஏழு மணி ஊசி

இருபத்து நான்காம் வாரம், செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகனுக்கு,

கடவுள் உன் கப்பலையும் உன்னையும் தன் உள்ளங்கையில் வைத்துக் காப்பாராக. இது உன் கையில் சேரும்போது நீ எந்தத் துறைமுகத்தில் நிற்பாயோ தெரியாது. கம்பெனி அலுவலகத்தில் கொடுத்தால் தபால் பையில் சேர்த்துவிடுவார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். உன் மனைவிக்கு அப்பா வைத்த குருவி என்ற பெயர் இப்போது பொருந்தவில்லை. ஆள் நன்றாகச் சாப்பிடுகிறாள். நேற்று ஸ்கேனில் பிள்ளையின் எடை அறுநூற்று எண்பது கிராம். இந்த எடையை நம் வீட்டுப் பிள்ளை எட்டுவது இதுதான் முதல் முறை. அதற்கு மேல் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. கண் பட்டுவிடும்.

போன கடிதத்தில் அந்த நோயின் பெயரை ஒழுங்காக எழுதி, அர்த்தமும் எழுதச் சொல்லியிருந்தாய். பெயர் ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம். எழுதிப் பழகவே எனக்கு மூன்று நாள் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை, ஏபிஎஸ் என்று மூன்றே எழுத்தில் முடித்துவிடுகிறார்கள். போன வாரம் ஒரு நர்ஸ் கதவருகே நின்று அந்த ஏபிஎஸ் கேஸ் வந்தாச்சா என்று கேட்டாள். நான் எழுந்து, கேஸ் வரவில்லை, என் மருமகள் வந்திருக்கிறாள் என்றேன். குருவி என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அர்த்தத்துக்கு வருகிறேன். பாஸ்போலிபிட் என்பது நம் உடம்பில் ஒவ்வொரு அணுவின் சுவரிலும் இருக்கிற ஒரு வகைக் கொழுப்பு. ஆன்டி என்றால் எதிர். சிண்ட்ரோம் என்றால் பல அறிகுறிகள் சேர்ந்து ஒரே மூட்டையாக வருவது. வெளியிலிருந்து வருகிற கிருமியை அடிக்கத்தான் ரத்தத்தில் காவல்காரர்கள் இருக்கிறார்கள். சிலருடைய உடம்பில் அந்தக் காவல்காரர்களே வீட்டுச் சுவரை இடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். வேலியே பயிரை மேய்கிற கதைதான். அப்படி மேய்வதால் ரத்தம் ஓடுகிற குழாயிலேயே உறைந்து கட்டியாகிறது. பால் பாத்திரத்தில் உறைந்தால் தயிர். குழாயிலேயே உறைந்தால் வீட்டுக்குப் பால் எப்படி வரும்? பிள்ளைக்குப் போகிற ரத்தம் அப்படித்தான் இரண்டு முறையும் நின்றிருக்கிறது. இது ஒட்டுகிற நோய் அல்ல. யாருடைய குற்றமும் அல்ல.

முதல் பிள்ளை நான்காம் மாதம் போனபோது அவள் மாடிப்படி ஏறியதைச் சொன்னோம். இரண்டாவது ஆறாம் மாதம் போனபோது கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்ததைச் சொன்னோம். சொன்னவர்களில் நானும் ஒருத்தி. ரத்தத்தை ஒரு முறை பார்த்து, மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்த்து உறுதி செய்து டாக்டரம்மா பெயரைச் சொன்ன அன்று, குருவி அழவில்லை. படியில் இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "அத்தை, அப்ப நான் ஒண்ணும் பண்ணலைல்ல?" என்று மட்டும் கேட்டாள். பேர் இல்லாத நோய் பழியாகத்தான் வீட்டில் தங்கும் போலிருக்கிறது.

வைத்தியம் இரண்டுதான். காலையில் ஒரு சிறிய ஆஸ்பிரின் மாத்திரை. மாலை ஏழு மணிக்கு ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றுத் தோலில் ஒரு ஊசி. மருந்து நிரப்பியே வருகிறது. தோலை இரு விரலால் பிடித்து, நேராகக் குத்தி, மெதுவாகத் தள்ளி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. அவள் தானே போட்டுக்கொள்ள முயன்று, குத்த முடியாமல் விட்டுவிட்டாள், அதனால் நான்தான் போடுகிறேன். முதல் நாள் எனக்கும் பயம்தான். மனதுக்குள் ஜபம் சொல்லிக்கொண்டே போட்டேன். இப்போது பழகிவிட்டது.

அப்பா அச்சகத்தில் எனக்கென்று ஒரு நோட்டு பைண்டு செய்து கொண்டுவந்தார். கோடு நானே போட்டேன். தேதி, மணி, வயிற்றின் வலமா இடமா, ஊசி உறையிலுள்ள எண், பிள்ளை எத்தனை முறை உதைத்தது, எல்லாவற்றுக்கும் தனிக் கட்டம். ஊசி போட்டதும் ஒரு டிக். டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் முதலில் என் நோட்டைத்தான் வாங்குகிறார். மற்றவர்களிடம் பத்துக் கேள்வி கேட்பாராம், எங்களிடம் நோட்டைப் புரட்டினால் போதுமாம். அப்பாவுக்குப் பொறாமை. எட்டு வருஷம் படித்தவர் மேஜைக்கு அந்தப் பக்கம், எட்டாம் வகுப்பு படித்தவள் இந்தப் பக்கம், யாருக்கு யார் வைத்தியம் பார்க்கிறார்கள் என்றே தெரியவில்லை என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கிண்டல்.

வயிற்றில் ஊசி போட்ட இடமெல்லாம் நீலமும் பச்சையுமாகக் கன்றிப்போகிறது. அது சகஜம் என்கிறார்கள். குருவி அதைப் பார்த்து உலகப் படம் என்கிறாள். இது கடல், இது கண்டம், உங்க பையன் எந்தக் கடலில் இருக்கிறார் காட்டுங்கள் என்று என் விரலைப் பிடித்து வைக்கிறாள். நான் தொப்புளுக்குக் கீழே ஒரு நீலத்தைக் காட்டினேன். ரொம்ப தூரம் இல்லை அத்தை, வந்துவிடுவார் என்றாள்.

இன்ஜின் அறையில் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள். அடுத்த துறைமுகத்தில் போன் கிடைத்தால் முதலில் அவளிடம் பேசு, மிச்சம் இருந்தால் எங்களிடம்.

கடவுள் அருளால் எல்லாம் முழுசாக நடக்கட்டும்.

உன் பாசமுள்ள அம்மா

-

இருபத்தெட்டாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்பு மகனுக்கு,

ஆண்டவன் உனக்கு அமைதியான கடலைத் தரட்டும். உன் கடிதம் போன திங்களன்று வந்தது. மூன்று பேரும் தனித்தனியாகப் படித்தோம். குருவி தன் பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் எல்லாம் நடக்கிறது. அச்சகத்தில் பாடப் புத்தக வேலை நெருக்குகிறது, அப்பா வரும்போது விரலெல்லாம் பசையாகக் காய்ந்திருக்கிறது. சமையலறைக் குழாயை மாற்றிவிட்டோம். மாடியில் இருக்கிற டிரைவர் குடும்பத்தில் பெரியவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது.

குருவி போன வாரம் ரொம்பத் துவண்டுவிட்டாள். வயிறு பெரிதாகப் பெரிதாகத் தோல் இழுத்துக்கொண்டு, ஊசி குத்தினால் முன்னைவிட வலிக்கிறது. வலமும் இடமும் விரல் வைக்க இடமில்லாமல் கன்றிப்போயிருக்கிறது. உலகப் படம் என்று சொல்லிச் சிரிப்பதும் நின்றுவிட்டது. செவ்வாயன்று பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்து, துப்பியதைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பயந்துபோனேன்.

அன்று மத்தியானம் அவளுடைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் எடுத்துத் தேதிவாரியாக அடுக்கினேன். பழைய ரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்று கிடைத்தது. ரத்தம் உறைய ஆகும் நேரம் என்று போட்டு, சரியான அளவு இருபத்தெட்டு முதல் நாற்பது விநாடி, இவளுக்கு ஐம்பத்தெட்டு விநாடி என்று எழுதியிருந்தது. கீழே, லூபஸ் ஆன்டிகோவாகுலன்ட் இருக்கிறது என்று ஒரு வரி. நீ பள்ளியில் பரிசாக வாங்கிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஆன்டிகோவாகுலன்ட் என்றால் ரத்தத்தை உறையவிடாமல் தடுப்பது. யோசித்துப் பார். ஐம்பத்தெட்டு விநாடி ஆகியும் உறையாத ரத்தம் என்று தாளிலேயே இருக்கிறது. உறையாமல் தடுப்பது ரத்தத்திலேயே இருக்கிறது என்றும் இருக்கிறது. இதற்கு மேல் உறையாமல் இருக்க ஒரு ஊசி எதற்கு? எண் பொய் சொல்லாது என்று நம்பியே நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். வார்த்தையைத்தான் ஆளுக்கு ஒரு மாதிரி திருப்புவார்கள்.

டாக்டரம்மாவிடம் கேட்கலாம்தான். ஆனால் அங்கே நாற்பது பேர் காத்திருக்கும்போது, எட்டாம் வகுப்புக்காரி தாளை நீட்டிச் சந்தேகம் கேட்டால் என்ன நினைப்பார்? நோட்டுப் போடுகிறவள் இப்போது பாடமும் நடத்த வந்துவிட்டாள் என்று நர்சுகள் சிரிப்பார்கள். ஆகவே கடவுளிடம் கேட்டேன். மனதில் ஒரு தெளிவு கிடைத்தது போல இருந்தது.

இப்போது நாலு நாளாகக் குருவிக்கு முகம் தெளிந்திருக்கிறது. கன்றிய இடம் மஞ்சளாகி மறைகிறது. நேற்று மாடிக்காரியிடம் அரை மணி நேரம் வம்பளந்தாள். ஈறில் ரத்தம் இல்லை. பிள்ளை நன்றாக உதைக்கிறது. நேற்று இருபத்திரண்டு.

ஊசி ஒழுங்காக நடக்கிறது. நோட்டில் எல்லாம் இருக்கிறது. நீ போனில் பேசும்போது அவளிடம் ஊசியைப் பற்றித் தோண்டித் தோண்டிக் கேட்காதே. அந்தப் பேச்சே அவளுக்கு வலிக்கிறது. சந்தோஷமான விஷயம் பேசு.

உடம்பைப் பார்த்துக்கொள். எனக்காகவும் பிரார்த்தனை செய். எதற்கு என்று கேட்காதே, அம்மாவுக்கும் பிரார்த்தனை வேண்டியிருக்கும்.

உன் பாசமுள்ள அம்மா

-

இருபத்தொன்பதாம் வாரம், வெள்ளிக்கிழமை மதியம்
ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி வராந்தா

மகனே,

முதலில் தெரிய வேண்டியதை முதலில் எழுதுகிறேன். குருவி உயிரோடு இருக்கிறாள். பிள்ளை உயிரோடு இருக்கிறது. இன்று காலை வயிற்றில் கருவி வைத்துப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டார்கள், நிமிஷத்துக்கு நூற்று நாற்பத்தாறு. இதை இரண்டு முறை படித்துவிட்டு மேலே படி.

உன் கப்பல் துறைமுகம் சேர இன்னும் எட்டு நாள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். உறையின் மேலே அவசரக் கடிதம் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அப்பாதான் கொண்டுபோய்க் கொடுக்கிறார். கொடுக்கும் முன் படிக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். எல்லாம் அவருக்குத் தெரியும்.

போன கடிதத்தில் ஊசி ஒழுங்காக நடக்கிறது என்று எழுதினேன். அது பொய். புதன், வியாழன், வெள்ளி, சனி, நாலு நாள் நான் ஊசி போடவில்லை. நாலு கட்டத்திலும் டிக் போட்டேன். மணி எழுதினேன், வலம் இடம் எழுதினேன், உறையிலிருந்த எண்ணைக்கூடப் பார்த்து எழுதினேன். நிஜத்தைவிடப் பொய்யைத்தான் அழகாக எழுதியிருக்கிறேன். நாலு ஊசியையும் கைக்குட்டையில் சுற்றி என் துணிப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

யார் எவ்வளவு என்று சரியாகச் சொல்லிவிடுகிறேன், நாளை யாரும் அவள் தலையில் ஏற்றக் கூடாது. புதனன்று ஏழு மணிக்கு அவள் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, இன்றைக்கு ஒரே ஒரு நாள் விட்டுவிடலாமா அத்தை என்று கேட்டாள். அது அவள் கேட்டது. மற்ற மூன்று நாளும் நான் சொன்னது. வியாழனன்று அவளாகவே சேலையை ஒதுக்கிக்கொண்டு வந்து படுத்தாள். நான்தான் அந்த ரிப்போர்ட் தாளைக் காட்டி, உன் ரத்தம் ஏற்கெனவே உறைய மாட்டேன் என்கிறது, உடம்பு கொஞ்சம் ஆறட்டும், டாக்டர் திட்டாமல் இருக்க நோட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அத்தை சொன்னால் சரி என்று எழுந்து போய்விட்டாள். நம்பினாள், அவ்வளவுதான் அவள் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு அந்த வரியை எழுதி ஒட்டிய பிறகு என் பொய்யே என்னை உறுத்தியது. அன்றே ஏழு மணிக்கு மறுபடி ஊசி போட ஆரம்பித்தேன். விட்டதைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

செவ்வாய் மாலை இடது கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்றாள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் பிடிப்பது சகஜம்தானே என்று மடியில் வைத்து அழுத்தித் தேய்த்துவிட்டேன். அதுவும் செய்யக் கூடாததாம். புதன் காலையில் அந்தக் கால் மட்டும் இரண்டு மடங்காக இருந்தது. தொட்டால் சுட்டது. அப்பா ஆட்டோ பிடித்து வந்தார். வண்டியில் அவள் என் தோளில் சாய்ந்து, பிள்ளை உதைக்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் வாய்க்குள் ஜபம் சொல்லிக்கொண்டிருந்தேன், பாதியில் வார்த்தை மறந்துபோயிற்று. நாற்பது வருஷமாகச் சொல்கிற ஜபம்.

காலில் களிம்பு தடவி ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் ரத்தக் குழாயில் கட்டி. அது அங்கேயே இருந்தால் கால் வீக்கம், கிளம்பி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். உடனே படுக்க வைத்தார்கள்.

டாக்டரம்மா வந்து வழக்கம்போல என் நோட்டைத்தான் கேட்டார். கொடுத்தேன். கடைசி மூன்று பக்கத்தையும் விரல் வைத்து, ஒரு வரி விடாமல் பார்த்தார். பிறகு குருவியிடம் திரும்பினார்.

"ஒரு ஊசிகூட விடலையேம்மா?"

குருவி என்னைப் பார்க்கவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்து, "இல்ல டாக்டர். அத்தை நோட்டுல எல்லாம் இருக்கு," என்றாள்.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் மனைவி வலியில் படுத்துக்கொண்டு என் மானத்தைக் காப்பாற்றினாள், நான் அதை வாங்கிக்கொண்டு சும்மா நின்றேன்.

டாக்டரம்மா நோட்டை மூடிவிட்டு எங்களிடம் விவரம் சொன்னார். ஒழுங்காக மருந்து போட்டும் கட்டி வந்திருக்கிறது என்றால், இந்த மருந்து இவளைத் தாங்கவில்லை என்று அர்த்தம். இதே மருந்தைக் கூட்டிப் பிரயோஜனமில்லை, வேறு வழிக்குப் போக வேண்டும். பிள்ளையை இதற்கு மேல் உள்ளே வைத்திருப்பதும் சரியா என்று யோசிக்க வேண்டும். பிள்ளையின் நுரையீரல் பலப்பட ஒரு ஊசியை அன்று மாலையே ஆரம்பித்து, மற்ற டாக்டர்களையும் கலந்து, இரண்டு நாளில் ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம். ஒரு கிலோ இருநூறு கிராம் பிள்ளை. பிழைக்கிற பிள்ளைகளும் உண்டு, பிழைக்காத பிள்ளைகளும் உண்டு என்றார். மதியம் இரண்டு மணிக்குக் கூடி முடிவு செய்வோம் என்று போய்விட்டார்.

அப்போது மணி பதினொன்று. கீழே பிரார்த்தனை அறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், எல்லாச் சாமிக்கும் பொதுவாக, ஒரு பாயும் நாலு நாற்காலியும். போய் உட்கார்ந்தேன். வழி காட்டு என்று கேட்க வாய் வரவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? நாலு நாள் விட்டது தெரியாமல் அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். விடை தப்பாகத்தான் வரும். அந்தத் தப்பில் என் பேத்தியோ பேரனோ வெளியே வரப்போகிறது. இதைச் சொல்லச் சாமி இறங்கி வர வேண்டுமா? போன வாரம் மனதில் கிடைத்தது தெளிவு இல்லை, என் இஷ்டம். அதற்குச் சாமி பேரை வைத்துக்கொண்டேன்.

அப்பா வராந்தாவில் நின்றிருந்தார். அவரிடம்தான் முதலில் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அந்த ஊசி எங்கே என்று கேட்டார். வீட்டில் என்றேன். உடனே படியிறங்கிப் போய், முக்கால் மணி நேரத்தில் கைக்குட்டையோடு திரும்பி வந்தார். "வெறும் வாயில சொன்னா பயத்துல உளர்றன்னு நினைப்பாங்க. இதோட போ," என்றார்.

டாக்டரம்மா அறை வாசலில் நர்ஸ் விடவில்லை. ரவுண்ட்ஸ் முடியட்டும், நேரம் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றாள். பன்னிரண்டரை ஆகிவிட்டது. நான் கதவை நானே தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மேஜையில் கைக்குட்டையைப் பிரித்து நாலு ஊசியையும் வரிசையாக வைத்தேன்.

"டாக்டரம்மா, என் நோட்டுல நாலு டிக் பொய்."

அவர் ஒரு ஊசியை எடுத்து உறையில் இருந்த எண்ணை நோட்டோடு ஒத்துப் பார்த்தார். நாலையும் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. என்றைக்கு, எத்தனை மணிக்கு, மறுபடி எப்போது ஆரம்பித்தீர்கள், மாத்திரையும் விட்டீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மாத்திரை விடவில்லை என்றேன். நிஜமாகவா என்றார். அந்தக் கேள்வி எனக்கு வேண்டும்தான்.

ஏன் விட்டேன் என்பதற்கு அந்த ஐம்பத்தெட்டு விநாடித் தாளைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் சோதிக்கும்போது உறைவதற்காக ஒரு கொழுப்பைச் சேர்ப்பார்களாம். அந்தக் கெட்டுப்போன காவல்காரர்கள் அதைப் போய்ப் பிடித்துக்கொள்வதால் அங்கே உறைய நேரமாகிறது. உடம்புக்குள் அதே ஆட்கள் செய்கிற வேலை நேர் எதிர், கட்டி கட்ட வைப்பது. அந்தக் கூடுதல் விநாடிகள்தான் நோய்க்கே அடையாளமாம். குழாயில் பார்த்ததை வைத்து அந்தக் காலத்தில் ஒரு பெயர் வைத்தார்கள், உடம்பில் நடப்பது பிற்பாடுதான் தெரிந்தது, பெயர் அப்படியே தங்கிவிட்டது. லூபஸ் என்பதும் வேறு ஒரு நோய், குருவிக்கு அது கிடையாது. படித்து முடித்த டாக்டர்களே முதல் தடவை இதில் தடுக்கி விழுவார்களாம். இதை எனக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருப்பேனே என்பதுதான் அவர் குரலில் இருந்தது.

அப்போ என்னால்தான் வந்ததா என்று கேட்டுவிட்டேன்.

"அந்த நாலு நாளாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேம்மா. அதனால இல்லைன்னும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க ரெண்டு மணிக்கு அப்புறம் வந்திருந்தா, நான் தப்பான முடிவு எடுத்திருப்பேன்."

இரண்டு மணிக்குக் கூடினார்கள். முடிவு மாறியது. மருந்து தோற்கவில்லை, மருந்து போகவே இல்லை என்பதால் அதே மருந்து, அளவு கூட்டி, இனி காலை ஏழு, மாலை ஏழு, நாளுக்கு இரண்டு. ஆபரேஷன் இப்போது இல்லை. பிள்ளை உள்ளேயே வளரட்டும், ஒவ்வொரு வாரமும் லாபம் என்றார்கள். ஆனால் கண்டம் தாண்டிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அடிக்கச் சொல்லித் தலைமாட்டில் ஒரு மணி வைத்திருக்கிறார்கள். இருமல் வந்தால்கூட நான் அந்த மணியைப் பார்க்கிறேன்.

குருவிக்கு என்மேல் கோபம். ஊசி விட்டதற்கு இல்லை. நான் சொன்ன பொய்யை நீங்கள் ஏன் போய் உடைத்தீர்கள், எல்லாரும் உங்களை ஒரு மாதிரி பார்க்கிறார்கள், எனக்குத் தாங்கவில்லை என்று அழுதாள். அழாதே, மூச்சு வாங்கும் என்று நான் அதட்ட, அதற்கும் அழுதாள். அப்பா உள்ளே வந்து, மாமியாரும் மருமகளும் சண்டை போட்டால் உலகத்தில் காரணம் வேறு மாதிரி இருக்கும், இந்த வீட்டில் யார் அதிகக் குற்றவாளி என்று போட்டி என்றார். அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

இப்போது ஊசி நர்சுகள் போடுகிறார்கள், அவர்கள் தாளில் அவர்களே எழுதுகிறார்கள். என் நோட்டை டாக்டரம்மா திருப்பித் தந்தார். நாலு டிக்கையும் சிவப்பு மையால் அடித்து, போடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரிடமும் ஒரு கையெழுத்துக் கேட்டேன், போட்டார்.

எல்லாம் சரியாக இருந்தால் இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதன் பிறகு பிள்ளை பிறக்கும்வரை, பிறந்து ஆறு வாரம்வரை, நாளுக்கு இரண்டு ஊசி வீட்டில் போட வேண்டும். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நேற்று டாக்டரம்மா, வீட்டில் யார் போடுவார்கள், தினமும் வர ஒரு நர்ஸை ஏற்பாடு செய்யவா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் குருவி முந்திக்கொண்டாள்.

"அத்தைதான் போடுவாங்க. அவங்க கைதான் எனக்கு வலிக்காது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். என் மகன் எழுதட்டும், அதற்குப் பிறகு சொல்கிறேன் என்றேன். அவள் உடம்பு, அவள் சொல்லிவிட்டாள், சரிதான். ஆனால் மூன்று பிள்ளைகளுக்கு அப்பன் நீ. கடலில் இருந்துகொண்டு, அம்மா பார்த்துக்கொள்கிறாள் என்று நம்பித் தூங்கியவன். உனக்கு நான் கையெழுத்துப் போட்ட கடிதத்திலேயே பொய் எழுதினேன். உன் வாயால் கேட்காமல் நான் அந்த ஊசியைத் தொட மாட்டேன். அவன் பதில் வருவதற்குள் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடும் என்று அப்பா சொல்கிறார். கம்பெனி அலுவலகத்துக்குத் தந்தி மாதிரி ஒரு வரி சொன்னால் போதும், அவர்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

நர்ஸ் வேண்டும் என்று நீ சொன்னால் எனக்கு வருத்தமில்லை. கதவைத் திறந்துவிட்டு, வெந்நீர் வைத்துக் கொடுத்து, பக்கத்தில் நின்றுகொள்கிறேன். அதற்காவது விடு.

துறைமுகம் சேர்ந்ததும் ஆஸ்பத்திரிக்கே போன் செய்வாய். அவளிடம் பேசு. ஏன் டாக்டரிடம் அப்படிச் சொன்னாய் என்று அவளைக் கேட்காதே. காலில் வலி எப்படி இருக்கிறது, பிள்ளை எத்தனை முறை உதைத்தது என்று கேள். என்னைக் கூப்பிட வேண்டும் என்று இல்லை. ஆனால் ஏழு மணிக்கு நான் போனுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன்.

கடவுள் உன்னைக் கரை சேர்க்கட்டும். அவளையும் பிள்ளையையும் உன் கையில் முழுசாகக் கொடுக்கட்டும். ஒரு வரி எழுது கண்ணு. போடு என்றாவது, வேண்டாம் என்றாவது.

இப்படிக்கு,
அம்மா